ஸ்கேலிங் மட்டும்தானா? டென்டல் ஹைஜீனிஸ்டிடம் செல்லும்போது எதை எதிர்பார்க்க வேண்டும்?

வில்லிவாக்கம்வாசி:

அனைவருக்கும் வணக்கம். என் தாயாருக்கு வயது 63. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். இதய இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்த பிறகு, இரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரையும் சேர்ந்துகொண்டது. சில மாதங்களாகப் பல் துலக்கும்போது ஈறிலிருந்து இரத்தம் வருகிறது. வாயில் ஒரு வாடையும் இருக்கிறது என்று அவரே சொல்கிறார். அண்ணா நகரில் ஒரு பல் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசியபோது, முதலில் ஸ்கேலிங் என்னும் பல் சுத்தம் செய்யும் தங்கள் ஹைஜீனிஸ்ட் பார்ப்பார், அதன் பிறகு மருத்துவர் பார்ப்பார் என்றார்கள். எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் ஹைஜீனிஸ்ட் ஒருவரிடம் சென்றதில்லை. பல்லைச் சுரண்டினால் ஆடிப்போய்விடும் என்று பக்கத்து வீட்டில் யாரோ சொன்னதிலிருந்து அம்மா வரவே தயங்குகிறார். அங்கே என்னதான் நடக்கும், அவர்கள் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது, நாங்கள் எதைக் கேட்டுப் பெற வேண்டும் என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஈறுகாவல்:

வணக்கம் சகோதரி. நான் பதிவு பெற்ற டென்டல் ஹைஜீனிஸ்ட். தென்சென்னையில் ஒரு தனியார் பல் மருத்துவமனையில் பணியாற்றுகிறேன். நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர்கள். எங்களிடம் வருபவர்களில் பெரும்பாலோர் சுத்தம் செய்வதை மட்டுமே எதிர்பார்த்து வருகிறார்கள். அது எங்கள் பணியின் நடுப்பகுதிதான். அதற்கு முன்னால் அளப்பதும் அதற்குப் பின்னால் கற்றுத் தருவதும் இல்லையென்றால், சுத்தம் செய்ததன் பயன் சில வாரங்களில் கரைந்துவிடும்.

முதலில் உட்கார வைத்துப் பேசுவோம். என்ன நோய்கள் இருக்கின்றன, என்னென்ன மாத்திரைகள், எதற்காவது ஒவ்வாமை உண்டா, புகையிலை, பாக்கு, வெற்றிலைப் பழக்கம் உண்டா என்று கேட்போம். இந்தக் கேள்விகளை யாரும் கேட்காமல் நேராகக் கருவியைக் கையில் எடுத்தால், நீங்களே நிறுத்திச் சொல்லுங்கள். அடுத்து வாயின் உட்புறம் முழுவதையும், அதாவது கன்னம், நாக்கு, நாக்கின் அடிப்பகுதி, அண்ணம் ஆகியவற்றைப் பார்ப்போம். ஆறாத புண், வெள்ளைத் திட்டு, பாக்கு மெல்லுபவர்களுக்கு வாய் முழுதாகத் திறக்க முடியாமல் இறுகுவது போன்றவை தென்பட்டால் உடனே மருத்துவரிடம் தெரிவிப்போம்.

பிறகு ஈறை அளக்க வேண்டும். மில்லிமீட்டர் கோடுகள் போட்ட, முனை மழுங்கிய மெல்லிய கருவி ஒன்று இருக்கிறது. அதைப் பல்லுக்கும் ஈறுக்கும் இடையில் மெதுவாக இறக்கி, ஒவ்வொரு பல்லைச் சுற்றிலும் 6 இடங்களில் ஆழம் பார்ப்பது முறை. 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை இருந்து, இரத்தமும் கசியாவிட்டால் பொதுவாக நலம். 4 அல்லது அதற்கு மேல் என்றால் அங்கே ஒரு பை உருவாகத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். வீட்டில் எவ்வளவு நன்றாகத் துலக்கினாலும் பிரஷ் அந்த ஆழத்திற்கு எட்டாது. எந்த இடத்தில் இரத்தம் கசிகிறது, எந்தப் பல் அசைகிறது, எங்கே ஈறு இறங்கி வேர் தெரிகிறது என்பதையும் குறித்துக்கொள்வோம். முழு வாய்க்கும் இதைச் செய்யக் கால் மணி நேரத்திற்குக் குறையாமல் ஆகும். நேரமாகிறது என்று பல இடங்களில் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள், அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. அந்த எண்கள் இல்லையென்றால் அடுத்த முறை வரும்போது நோய் குறைந்ததா, கூடியதா என்று எவராலும் சொல்ல முடியாது.

அந்த அட்டவணையின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரத்தப் பரிசோதனை முடிவை வீட்டில் பத்திரப்படுத்துவதில்லையா, அதைப் போல இதையும் வையுங்கள்.

மாம்பலம்67:

ஈறுகாவல் அவர்களின் விளக்கம் பயனுள்ளது. ஆயினும் ஒரு ஐயத்தை மறைக்காமல் கேட்கிறேன். மருத்துவருக்குரிய கட்டணத்தைக் கொடுத்துவிட்டு, மருத்துவர் அல்லாத ஒருவரிடம் வாயைத் திறந்து காட்ட வேண்டிய அவசியம் என்ன? இத்தனை ஆண்டுகளாகச் சென்னையில் பல் மருத்துவர்களே ஸ்கேலிங் செய்து வந்திருக்கிறார்கள். இப்போது யாரோ ஒரு உதவியாளரை வைத்து வேலையை முடித்துக்கொள்ளும் வழக்கம் வந்துவிட்டதோ என்று அஞ்சுகிறேன்.

ஈறுகாவல்:

ஐயா, உங்கள் அச்சம் நியாயமானது. ஆனால் நீங்கள் இரண்டு வேறு வேறு ஆட்களை ஒன்றாக எண்ணுகிறீர்கள். நாற்காலிக்கு அருகில் நின்று கருவிகளை எடுத்துத் தருபவர் உதவியாளர். அவர் உங்கள் பல்லின் மீது கருவியை வைக்கக்கூடாது. ஹைஜீனிஸ்ட் என்பவர் அதற்கென்று உள்ள 2 ஆண்டுப் படிப்பை முடித்து, மாநிலப் பல் மருத்துவ மன்றத்தில் பெயரைப் பதிவு செய்துகொண்டவர். இது புதிய ஏற்பாடும் அன்று. 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டத்திலேயே பல் மருத்துவர், ஹைஜீனிஸ்ட், செயற்கைப் பல் செய்யும் தொழில்நுட்பர் ஆகிய மூவருக்கும் தனித்தனியாக இலக்கணம் வகுத்திருக்கிறார்கள். பல்லில் படிந்த காரையை நீக்குவது, சுத்தம் செய்வது, மெருகிடுவது, வாய்த் தூய்மை பற்றிக் கற்றுத் தருவது ஆகியவை அச்சட்டம் எங்களுக்கு வகுத்த பணி. நோயைக் கணித்துச் சொல்வது, மருந்து எழுதுவது, மரத்துப்போகும் ஊசி போடுவது, பல்லைப் பிடுங்குவது, அடைப்பது ஆகியவை மருத்துவரின் பணி. அவற்றில் நாங்கள் தலையிடுவதில்லை.

அமெரிக்காவில் 1906-இல் ஆல்ஃபிரட் ஃபோன்ஸ் என்ற பல் மருத்துவர் தம்மிடம் உதவியாளராக இருந்த ஐரீன் நியூமன் என்ற பெண்மணிக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்ததிலிருந்து இத்தொழில் தொடங்குகிறது. 1913-இல் அவரே இதற்கென ஒரு பள்ளியையும் ஏற்படுத்தினார். இன்று அந்நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில் ஹைஜீனிஸ்ட் மரத்துப்போகும் ஊசிகூடப் போடலாம். ஆகவே வெளிநாட்டில் இருக்கும் உறவினர் சொல்வதை அப்படியே இங்கே எதிர்பார்க்க வேண்டாம். நம் நாட்டில் எங்கள் எண்ணிக்கை மிகவும் குறைவு. அதனால்தான் நீங்கள் பார்த்த வரையில் மருத்துவர்களே ஸ்கேலிங் செய்திருக்கிறார்கள். மருத்துவர் செய்தாலும் நான் செய்தாலும் அளவீடும் அறிவுரையும் சேர்ந்து கிடைக்கின்றனவா என்பதைப் பாருங்கள். செய்பவரின் பதிவு எண்ணைக் கேட்கத் தயங்காதீர்கள். என்னிடம் கேட்டால் மகிழ்ச்சியோடு காட்டுவேன்.

பெரம்பூர்ப் பெரியவர்:

பல் ஆடும் என்பதை எல்லோரும் மூடநம்பிக்கை என்று ஒதுக்குகிறார்கள். என் அனுபவத்தைச் சொல்கிறேன். ஸ்கேலிங் செய்துகொள்வதற்கு முன்பு என் கீழ்வரிசை முன்பற்கள் உறுதியாக இருந்தன. செய்துகொண்ட மறுநாளே அவை ஆடின. இடையில் சந்தும் விழுந்தது. தண்ணீர் குடித்தால் கூசியது. இதற்கு யாராவது நேர்மையான பதில் தர முடியுமா?

ஈறியல் மருத்துவர்:

பெரியவர் அவர்களுக்கு வணக்கம். நான் ஈறு நோய்த் துறையில் மேற்படிப்பு முடித்த பல் மருத்துவர். நீங்கள் உணர்ந்தது உண்மை. அதற்கான காரணம் மட்டும் வேறு.

பல்லின் மீது நுண்ணுயிர்கள் சேர்ந்து ஒட்டும் படலம் நாள்தோறும் உருவாகிறது. அதைத் துலக்கி அகற்றாமல் விட்டால், உமிழ்நீரில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் அதில் இறங்கி அதைக் காரை என்னும் கல்லாக்கிவிடுகின்றன. நம் ஊரில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் ஓடும் குழாயின் வாயில் உப்பு படிந்து இறுகுவதைப் போன்றதுதான் இது. உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாய் எங்கே திறக்கிறதோ அங்கேதான் காரை அதிகம் சேரும். அதனால்தான் கீழ்முன்பற்களின் உட்புறமும், மேல் கடைவாய்ப் பற்களின் கன்னப்புறமும் முதலில் பாதிக்கப்படுகின்றன. ஆண்டுக்கணக்கில் காரை இருந்தால், அதற்குக் கீழே ஈறு வீங்கி, பல்லைத் தாங்கும் எலும்பு சிறிது சிறிதாகக் கரைந்துவிடுகிறது. எலும்பு போன பிறகு அந்தப் பற்களை ஒன்றோடொன்று கட்டிப் பிடித்திருந்தது காரைதான். அதை எடுத்தவுடன், ஏற்கெனவே நிகழ்ந்துவிட்ட இழப்பு உங்களுக்குத் தெரிய வந்தது. வீங்கியிருந்த ஈறு வீக்கம் வடிந்து சுருங்கியதால் சந்து தெரிந்தது. மூடியிருந்த வேர் வெளிப்பட்டதால் கூசியது. பெரும்பாலும் கூச்சம் சில நாட்களில் அடங்கும். அழற்சி தணியும்போது ஆட்டமும் ஓரளவு குறைவதுண்டு. எலும்பு அதிகம் கரைந்திருந்தால் ஆட்டம் முழுதாகப் போகாது.

ஆனால் ஒன்றை நான் உங்கள் பக்கம் நின்று சொல்கிறேன். இவையெல்லாம் நிகழும் என்று கருவியை எடுப்பதற்கு முன்பே உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். கண்ணாடியைக் கையில் கொடுத்து, காரை எங்கே இருக்கிறது என்று காட்டி, எக்ஸ்ரேயில் எலும்பின் மட்டத்தையும் காட்டி, உங்கள் சம்மதத்தைக் கேட்ட பிறகே தொடங்கியிருக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். புகைபிடிப்பவர்களுக்கு ஈறில் இரத்தம் அவ்வளவாக வராது. புகையிலை அங்குள்ள இரத்த ஓட்டத்தைக் குறைத்து நோயை மறைத்துவிடும். இரத்தம் வரவில்லை, ஆகவே எனக்கு நோயில்லை என்று அவர்கள் இருந்துவிடக் கூடாது.

தருமபுரிக்காரன்:

நான் ஊரிலிருந்து வேலைக்காகச் சென்னைக்கு வந்தவன். சிறுவயதிலிருந்தே என் முன்பற்களில் பழுப்புக் கறைகள் இருக்கின்றன. தாம்பரத்தில் ஸ்கேலிங் செய்துகொண்டேன். கறை போகவே இல்லை. சரியாகச் செய்யவில்லையா?

ஈறியல் மருத்துவர்:

சரியாகவே செய்திருப்பார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பகுதிகளில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. பல் உருவாகும் வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்தால், கறை எனாமலுக்குள்ளேயே பதிந்துவிடும். ஸ்கேலிங் பல்லின் மேற்பரப்பில் படிந்தவற்றை, அதாவது காரை, காபி, தேநீர், வெற்றிலைக் கறை போன்றவற்றை மட்டுமே அகற்றும். உங்கள் கறைக்கு வேறு சிகிச்சைகள் உண்டு. அவற்றை மருத்துவரிடம் தனியாகக் கேளுங்கள். ஸ்கேலிங்கையே திரும்பத் திரும்பச் செய்துகொள்ள வேண்டாம்.

மணலிப் பெண்:

நான் 5 மாதக் கர்ப்பிணி. ஈறு வீங்கி இரத்தம் வருகிறது. குழந்தை பிறக்கும் வரை பல் மருத்துவமனைப் பக்கமே போகக் கூடாது என்று மாமியார் சொல்கிறார்.

ஈறுகாவல்:

தாராளமாகப் போகலாம் அம்மா. ஹார்மோன் மாற்றத்தால் இந்தக் காலத்தில் ஈறு எளிதில் வீங்கும். ஸ்கேலிங் செய்துகொள்வதில் ஆபத்து இல்லை. நடு மூன்று மாதங்கள் உட்கார்ந்து படுப்பதற்கும் வசதியான காலம். கர்ப்பமாக இருப்பதை முதலிலேயே தெரிவித்துவிடுங்கள். நீண்ட நேரம் மல்லாந்து படுக்க வைக்காமல், சற்று இடப்பக்கமாகச் சாய்ந்து கொள்ளச் செய்வார்கள்.

நுண்ணுயிரியல் ஆசிரியை:

கிருமிநீக்கம் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. 2023-இல் வாணியம்பாடியில் ஒரு பல் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்கள் மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் என்னும் தொற்றால் பாதிக்கப்பட்டு, 8 பேர் உயிரிழந்தனர். கிருமிநீக்கம் செய்யாத கருவியால் சலைன் பாட்டிலைத் திறந்து, அதையே பலருக்குப் பயன்படுத்தியதோடு அத்தொற்று தொடர்புடையது என்று ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்ததிலிருந்து நான் எந்தப் பல் மருத்துவமனைக்குச் சென்றாலும் கேட்காமல் இருப்பதில்லை.

கருவிகளை ஆட்டோகிளேவில் வைத்துச் சூடான நீராவியில், வழக்கமாக 121 பாகை செல்சியஸிலோ 134 பாகையிலோ, குறித்த நேரம் வைத்திருக்க வேண்டும். வெந்நீரில் கொதிக்க வைப்பதோ, மருந்துத் திரவத்தில் ஊற வைப்பதோ அதற்கு ஈடாகாது. கருவிகள் ஒட்டிய உறையில் இருக்க வேண்டும். அந்த உறையில் உள்ள அடையாளக் கோடு நிறம் மாறியிருக்க வேண்டும். உறையை உங்கள் கண் முன்னால் பிரிக்க வேண்டும். ஸ்கேலிங் கருவியின் முனையும் ஒவ்வொருவருக்கும் மாற்றப்பட வேண்டும். இதைக் கேட்டால் அவர்கள் கோபப்படுவார்களோ என்று நம்மில் பலர் வாய் திறப்பதில்லை. முறையாக நடப்பவர்கள் எவரும் இதற்குக் கோபப்படுவதில்லை.

குடியிருப்பு வளாகங்களில் மேசை போட்டு இலவசமாக ஸ்கேலிங் செய்யும் முகாம்களுக்கும் இதே கேள்வி பொருந்தும். பரிசோதனை செய்து அறிவுரை சொல்லி அனுப்பும் முகாமாக இருந்தால் செல்லுங்கள். உள்ளே கருவி வைக்கிறார்கள் என்றால், அடுத்தடுத்து வருபவர்களுக்குப் போதுமான உறையிட்ட கருவிகள் கொண்டு வந்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

கொருக்குப்பேட்டை:

தனியார் கட்டணம் கட்டுப்படியாகாதவர்கள் என்ன செய்வது?

மாம்பலம்67:

கோட்டை ரயில் நிலையத்திற்கு எதிரே தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஈறு நோய்க்கென்று தனிப் பிரிவும் உண்டு. காலையிலேயே சென்று சீட்டு வாங்கிவிடுவது நல்லது. நகரைச் சுற்றியுள்ள தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் மாணவர்கள், ஆசிரியர்களின் மேற்பார்வையில், குறைந்த செலவில் செய்து தருகிறார்கள். நேரம் கூடுதலாகும், ஆனால் ஒவ்வொரு கட்டத்தையும் ஆசிரியர் வந்து பார்த்துக் கையெழுத்திடுவதால் அளவீடு தவறுவதில்லை.

வில்லிவாக்கம்வாசி:

அனைவருக்கும் நன்றி. இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. அம்மாவிடம் இவற்றைப் படித்துக் காட்டினேன், வருவதற்கு ஒப்புக்கொண்டுவிட்டார். சர்க்கரை நோய்க்கும் ஸ்டென்டுக்கும் உரிய முன்னெச்சரிக்கைகளை மட்டும் விளக்க முடியுமா? இரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை இரண்டு நாள் முன்பே நிறுத்திவிடலாமா?

ஈறியல் மருத்துவர்:

அருள்கூர்ந்து நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட் வைத்தவர் அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால், ஸ்டென்டுக்குள் இரத்தம் உறைந்து மாரடைப்பு வரக்கூடும். ஈறில் வரும் கசிவைப் பஞ்சு வைத்து அழுத்தியே நிறுத்திவிடலாம். ஸ்டென்ட் அண்மையில்தான் வைக்கப்பட்டது என்றால், இதய மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கி வாருங்கள். ஸ்டென்டுக்காகத் தனியாக ஆன்டிபயாடிக் தேவையில்லை. செயற்கை இதய வால்வு பொருத்தியவர்கள் போன்ற சிலருக்குத்தான் சிகிச்சைக்கு முன் அது கொடுக்கப்படுகிறது.

சர்க்கரை நோயைப் பொறுத்தவரை, ஈறு நோயும் அதுவும் ஒன்றையொன்று வளர்க்கும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஈறு ஆறுவது தாமதமாகும். ஈறில் அழற்சி நீடித்தால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கடினமாகும். ஈறு சிகிச்சைக்குப் பிறகு மூன்று மாத சராசரிச் சர்க்கரை அளவு (எச்பிஏ1சி) சற்றுக் குறைவது ஆய்வுகளில் காணப்பட்டிருக்கிறது. ஆகவே அம்மாவுக்கு இது தள்ளிப்போடக்கூடிய ஒப்பனை வேலை அன்று. காலை நேரத்தில் முன்பதிவு செய்யுங்கள். சிற்றுண்டி சாப்பிட்டு, வழக்கமான மாத்திரைகளையும் எடுத்துக்கொண்டு வரட்டும். வெறும் வயிற்றோடு அழைத்து வராதீர்கள். அண்மைய எச்பிஏ1சி முடிவு, எல்லா மருந்துச் சீட்டுகள் ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள்.

அளவீட்டில் 5, 6 மில்லிமீட்டர் என்று வந்தால், ஒரே அமர்வில் முடியாது. மரத்துப்போகும் ஊசி போட்டு, ஈறுக்குக் கீழே வேர் வரை சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். அதை வாயின் ஒவ்வொரு பகுதியாகச் செய்து, ஏறத்தாழ இரண்டு, மூன்று மாதங்கள் கழித்து மீண்டும் அளந்து பார்ப்போம். எல்லோரும் 6 மாதத்திற்கு ஒருமுறை வர வேண்டும் என்பது பொது விதியாகச் சொல்லப்படுகிறது. உண்மையில் நோயின் அளவைப் பொறுத்து இடைவெளி மாறும். அம்மாவுக்குத் தொடக்கத்தில் 3 மாதத்திற்கு ஒருமுறை தேவைப்படலாம். ஈறு நலமாக உள்ள இளைஞர் ஒருவருக்கு ஆண்டுக்கு ஒருமுறையே போதுமானதாக இருக்கலாம்.

ஈறுகாவல்:

மருத்துவர் சொன்னதோடு, அன்று நாற்காலியில் என்ன உணர்வு இருக்கும் என்பதையும் சேர்க்கிறேன். தெரிந்துகொண்டு வந்தால் அம்மாவுக்கு அச்சம் குறையும். கருவியின் முனை நொடிக்கு ஏறத்தாழ 25,000 முறைக்கு மேல் அதிரும். அந்த அதிர்வில் காரை உடைந்து விழும். அது பல்லை அரம்போல் ராவுவதில்லை. கீச்சென்ற ஒலி கேட்கும். முனையைக் குளிர்விக்கத் தண்ணீர் பீய்ச்சும். அதை ஒரு குழாய் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மூக்கால் மூச்சு விட வேண்டும். தாங்கவில்லையென்றால் இடக்கையைத் தூக்கினால் நிறுத்திவிடுவோம். வாயில் இரத்தச் சுவை தெரியும். ஈறு வீங்கியிருப்பதால்தான் அது. இதய முடுக்கி (பேஸ்மேக்கர்) பொருத்தியவர்கள் தொடங்கும் முன்பே சொல்ல வேண்டும். இறுதியில் பசையும் ரப்பர் கிண்ணமும் கொண்டு மெருகிடுவோம்.

வீட்டுக்கு வந்த பிறகு வெதுவெதுப்பான உப்பு நீரால் வாய் கொப்பளிக்கலாம். குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு மருந்து எழுதிக் கொடுத்தால், சொன்ன நாட்களுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். மாதக்கணக்கில் தொடர்ந்தால் பல்லில் கறை ஏறும், நாக்கில் சுவை மாறும். ஒரு நாளுக்கு மேல் இரத்தம் நிற்காமல் வந்தாலோ, முகம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள்.

எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமானது அடுத்துச் சொல்வதுதான். 1965-இல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் நலமான ஈறு உள்ளவர்களைப் பல் துலக்காமல் இருக்கச் செய்தார்கள். மூன்று வாரங்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி வந்தது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் அது மறைந்தது. எங்கள் கருவி செய்த வேலையை அம்மாவின் கைதான் காப்பாற்ற வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆகவே சுத்தம் முடிந்தவுடன் எழுந்து போய்விடாதீர்கள். பிரஷை ஈறின் ஓரத்தில் 45 பாகைச் சாய்வில் வைத்து மெல்ல அசைப்பது எப்படி என்று அம்மாவின் வாயிலேயே செய்து காட்டச் சொல்லுங்கள். பிறகு அவரே செய்ய, ஹைஜீனிஸ்ட் பார்த்துத் திருத்த வேண்டும். பல்லிடுக்கில் நுழையும் சிறு பிரஷ் எந்த அளவில் பொருந்தும் என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்ள வேண்டும். சந்துக்குச் சந்து அளவு வேறுபடும். கரி, உப்பு, சொரசொரப்பான பற்பொடி ஆகியவற்றைக் கொண்டு அழுத்தித் தேய்க்கும் பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். யாரும் கடிந்துகொள்ள மாட்டார்கள். ஈறோரத்தில் பல் தேய்ந்திருந்தால் அதற்கேற்ப முறையை மாற்றித் தருவோம்.

அவர் இப்போது பயன்படுத்தும் பிரஷையும் பற்பசையையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். கழற்றி மாட்டும் செயற்கைப் பல் இருந்தால் அதையும். பிரஷின் இழைகள் விரிந்திருக்கும் விதத்தைப் பார்த்தே எவ்வளவு அழுத்துகிறார் என்று தெரிந்துவிடும்.

வில்லிவாக்கம்வாசி:

வியாழன் காலைக்கு முன்பதிவு செய்துவிட்டேன். ஈறை அளந்து அட்டவணை தருவீர்களா, சுத்தம் செய்பவர் பதிவு பெற்றவரா, கருவி உறையை எங்கள் முன்னால் பிரிப்பீர்களா என்று மூன்றையும் தொலைபேசியிலேயே கேட்டேன். மூன்றுக்கும் ஆம் என்றார்கள். இரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று அவர்களாகவே சொன்னார்கள். அட்டவணை கைக்கு வந்ததும் எண்களை இங்கே பதிகிறேன். பெரியவர் ஐயாவும் மருத்துவரும் பார்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.